சாப்பிட உட்கார்ந்ததும் வீங்கும் தாடை

கன்னத்தில் அல்லது தாடைக்குக் கீழே வீக்கம் என்று போகிறவர்களுக்கு நம் ஊரில் பெரும்பாலும் ஒரே வைத்தியம்தான். ஐந்து நாளைக்கு ஆன்டிபயாட்டிக், வலிக்கு ஒரு மாத்திரை, சரியாகாவிட்டால் இன்னும் ஐந்து நாள். பல் டாக்டரிடம் போனால் அவர் பல்லைப் பார்க்கிறார். பாட்டியிடம் காட்டினால் நெறிகட்டியிருக்கிறது என்கிறார். அந்த இடத்தில் உமிழ்நீர்ச் சுரப்பி என்று ஒன்று இருப்பது எவருக்கும் சட்டென்று நினைவுக்கு வருவதில்லை. அது வீங்குவதற்கோ வைரஸ், பாக்டீரியா, கல், சர்க்கரை நோய், உடம்பின் எதிர்ப்பாற்றல் தன்னையே தாக்குவது, கட்டி என்று காரணங்கள் பல. ஒன்றுக்கு மருந்தாவது மற்றொன்றுக்கு வீண். இவற்றைப் பிரித்தறிய, ஸ்கேனுக்கு முன்பே கைகொடுப்பது வீக்கத்தின் போக்கு. எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, ஒரு பக்கமா இரு பக்கமா, வலிக்கிறதா என்று விசாரித்தாலே பாதி நோய் பிடிபட்டுவிடும். வலிக்கிற வீக்கத்துக்கு உடனே ஓடுகிறோம். வலிக்காததை மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறோம். உமிழ்நீர்ச் சுரப்பியைப் பொறுத்தவரை அதிகக் கவலைக்குரியது இந்த இரண்டாவது வகைதான்.

பெரிய சுரப்பிகள் மூன்று சோடி. காதுக்கு முன்னும் கீழுமாகக் கன்னத்தில் படர்ந்திருக்கும் பரோடிட் என்னும் கன்னச் சுரப்பி அளவில் பெரியது. தாடை எலும்பின் உள்விளிம்பை ஒட்டி இருப்பது தாடையடிச் சுரப்பி. நாக்குக்குக் கீழே, வாயின் தரையில் இருப்பது நாவடிச் சுரப்பி. இவை போக உதடு, அண்ணம், கன்னத்தின் உட்புறம் என்று வாய் முழுக்க 600 முதல் 1,000 வரை நுண்சுரப்பிகள் உண்டு. எல்லாம் சேர்ந்து நாளொன்றுக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர்வரை சுரக்கின்றன. சும்மா இருக்கும் நேரத்தில் வாயை ஈரமாக வைத்திருப்பது பெரும்பாலும் தாடையடிச் சுரப்பி. சாப்பாடு வாய்க்குள் போனதும் கன்னச் சுரப்பி வேகம் எடுக்கிறது.

தாடையடிச் சுரப்பியின் நாளத்தை 1656இல் தம் நூலில் விவரித்தவர் லண்டன் மருத்துவர் தாமஸ் வார்ட்டன். கன்னச் சுரப்பியின் நாளத்தை 1660இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு செம்மறியாட்டுத் தலையை அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது கண்டவர் நீல்ஸ் ஸ்டென்சன் என்னும் டென்மார்க் மாணவர். அப்போது அவருக்கு வயது 22. இரண்டு நாளங்களின் வாயையும் கண்ணாடி முன் நின்று நாமே பார்த்துக்கொள்ளலாம். மேல்வரிசையில் இரண்டாவது கடைவாய்ப் பல்லுக்கு நேராகக் கன்னத்தின் உட்புறத்தில் சிறு புடைப்பாகத் தெரிவது ஒன்று. நாக்கைத் தூக்கினால், நடுவே கட்டியிருக்கும் சவ்வின் அடியில் இரு பக்கமும் கடுகளவில் தெரிபவை மற்றவை. வீக்கம் வந்த நாளில் இந்த இடங்களைப் பார்த்தால் பல விஷயங்கள் விளங்கும். தாடைக்கு அடியில் விரலால் அழுத்தும்போது அந்தப் புடைப்பின் நுனியில் தெளிந்த நீர் துளிர்த்தால் பாதை திறந்திருக்கிறது. கலங்கலாகவோ சீழாகவோ வந்தால் உள்ளே தொற்று. ஒன்றுமே வராவிட்டால் வழியில் அடைப்பு.

அடைப்புக்கு முதற்காரணம் கல். உமிழ்நீர்க் கற்களில் 80 சதவீதத்துக்கு மேல் தாடையடிச் சுரப்பியில்தான் உண்டாகின்றன. அதன் உமிழ்நீர் கொழகொழப்பானது, சுண்ணாம்புச் சத்து மிகுந்தது, காரத்தன்மை கூடியது. நாளமும் நீளமானது, கீழிருந்து மேல்நோக்கி ஏறி வாய்க்குள் வர வேண்டியது. தேங்குவதற்கு இத்தனை வசதி இருக்கும் இடத்தில் கால்சியம் பாஸ்பேட் படிந்து படிந்து கல்லாகிறது. சிறுநீரகக் கல் இருப்பவருக்கு இதுவும் வரும் என்றோ, தக்காளியும் பாலும் சாப்பிட்டதால் வந்தது என்றோ பலர் பயப்படுகிறார்கள். சிறுநீரகக் கல் பெரும்பாலும் கால்சியம் ஆக்சலேட், இரண்டும் வெவ்வேறு. பாலை நிறுத்துவதால் இந்தக் கல் கரையப்போவதில்லை.

கல் இருப்பவர் சொல்லும் கதை ஏறத்தாழ எல்லோரிடமும் ஒன்றுபோல இருக்கும். இலையில் சாதம் விழுந்து, எலுமிச்சை ஊறுகாயைத் தொட்டு நாக்கில் வைத்த மறுகணம் தாடைக்குக் கீழே சுளீர் என்று இழுக்கும். சில நிமிடங்களில் நெல்லிக்காய் அளவுக்கு அங்கே திரண்டுவிடும். சாப்பிட்டு ஓரிரு மணி நேரத்தில் தானாக வற்றிவிடும். அடுத்த வேளைச் சாப்பாட்டில் மறுபடியும் அதே கதை. சுரப்பி உமிழ்நீரைத் தள்ளுகிறது, கல் வழிமறிக்கிறது, நீர் தேங்கிச் சுரப்பி உப்புகிறது. பிறகு மெல்லக் கசிந்து வடிகிறது. வேளைக்கு வேளை வந்து போகும் இந்த வீக்கத்தை வேறெந்த நோயும் இவ்வளவு துல்லியமாகக் காட்டுவதில்லை. ஆனாலும் நோயாளி இதைத் தானாகச் சொல்வதில்லை, மருத்துவரும் கேட்பதில்லை என்பதால் ஆண்டுக்கணக்கில் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டவர்கள் உண்டு.

நல்ல கைப்பழக்கம் உள்ள மருத்துவர் இதை விரலாலேயே கண்டுபிடிப்பார். உறையிட்ட ஒரு விரல் வாய்க்குள் நாக்கின் அடியிலும், மறு கையின் விரல்கள் வெளியே தாடைக்குக் கீழும் இருக்கும். இரண்டுக்கும் நடுவே நாளத்தைப் பிடித்து, பின்னாலிருந்து முன்னால் மெல்ல நகர்த்திக்கொண்டே வருவார். முன்னாலிருந்து பின்னால் தடவினால் கல் நழுவிச் சுரப்பிக்குள் போய்விடும் என்பதால் இந்தத் திசை முக்கியம். கடினமாக ஏதோ உருண்டால் அதுதான் கல். அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் பெரும்பாலான கற்களைக் காட்டிவிடும். அதில் பிடிபடாத சிறு கல்லை சி.டி. ஸ்கேன் காட்டும். தாடையடிச் சுரப்பியின் கற்கள் பெரும்பாலும் சாதாரண எக்ஸ்ரேயிலும் தெரியும். கன்னச் சுரப்பியின் கற்களில் பல தெரியாது.

சிறு கல்லுக்கு முதல் சிகிச்சை வீட்டிலேயே தொடங்கும். நிறையத் தண்ணீர், வெந்நீர் ஒத்தடம், சுரப்பியிலிருந்து நாளத்தின் வாயை நோக்கி நீவிவிடுவது, உமிழ்நீரைப் பெருக்க எலுமிச்சைத் துண்டோ புளிப்பு மிட்டாயோ சப்புவது. பல கற்கள் இப்படியே ஒருநாள் வாய்க்குள் வந்து விழுந்துவிடும். விழாமல் நாளத்தின் முனைக்கு அருகே சிக்கியிருந்தால், அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, கல்லின் பின்புறம் ஒரு தையலைப் போட்டு அது பின்வாங்காமல் நிறுத்தி, நாளத்தைக் கீறி எடுத்துவிடுவார்கள். இன்னும் உள்ளே இருக்கும் கல்லுக்கு முன்பெல்லாம் சுரப்பியையே அகற்றுவதுதான் வழி. கழுத்தில் வெட்டு, கீழுதட்டை அசைக்கும் நரம்புக்கும் நாக்கின் உணர்வு நரம்புக்கும் ஆபத்து என்று அதற்குக் கொடுத்த விலை பெரிது. 1990களில் நிலைமை மாறியது. ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனே உள்ள குழாய்க் கருவியை நாளத்துக்குள் செலுத்தி, கல்லைக் கண்ணால் பார்த்து, சிறு கம்பிக் கூடையில் பிடித்து இழுக்கும் சியாலெண்டோஸ்கோப்பி வந்தது. நான்கைந்து மில்லிமீட்டருக்கு உட்பட்ட கல் இதில் நன்றாக வெளிவரும். பெரியதை லேசரால் உடைத்தோ, வாய்வழிச் சிறு வெட்டுடன் சேர்த்தோ எடுக்கிறார்கள். கல் நீங்கினால் சுரப்பி பெரும்பாலும் பழைய வேலைக்குத் திரும்பிவிடுகிறது. ஆகவே கல்லுக்காகச் சுரப்பியை எடுக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், சுரப்பியை வைத்துக்கொண்டு கல்லை மட்டும் எடுக்கும் வசதி உள்ள மருத்துவமனையில் இரண்டாவது கருத்துக் கேட்பது நோயாளியின் உரிமை. தயங்காமல் கேட்க வேண்டும்.

அடைப்பு இல்லாமலேயே பாக்டீரியா தொற்று வருவதும் உண்டு. அதன் வேர் வறட்சி. உமிழ்நீர் ஓடிக்கொண்டிருக்கும்வரை வாயிலுள்ள கிருமி நாளத்துக்குள் ஏற முடியாது; ஓட்டம் நின்றால் ஏறிவிடும். 1881 ஜூலையில் சுடப்பட்ட அமெரிக்க ஜனாதிபதி ஜேம்ஸ் கார்ஃபீல்டு, சாப்பாடு இறங்காமல் உடம்பு வற்றிப் படுத்திருந்த ஆகஸ்டு மாதத்தில் அவருடைய கன்னச் சுரப்பி சீழ்பிடித்து வீங்கியது. செப்டம்பரில் அவர் இறந்தார். அறுவை சிகிச்சைக்குப் பின் நோயாளிகளுக்கு நரம்புவழி நீரேற்றும் பழக்கம் வருமுன் இந்த வீக்கம் மரணத்தின் முன்னறிவிப்பாகவே கருதப்பட்டது.

இன்று நம் வீடுகளில் இதற்கு ஆளாகிறவர்கள் முதியவர்கள். இரவில் எழுந்து கழிப்பறைக்குப் போகத் தயங்கி, பஸ் பயணத்தில் வழியில் இறங்க வசதி இல்லை என்று பயந்து, தண்ணீரைக் குறைத்துக்கொள்ளும் பாட்டிகளை எல்லோருக்கும் தெரியும். அதோடு ரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் நீர்பிரி மாத்திரை, அலர்ஜி மாத்திரை, சில மனச்சோர்வு மாத்திரைகள் எல்லாம் வாயை உலர்த்துபவை. ஒரு பக்கக் கன்னம் சிவந்து, தொட்டால் துடிக்கும்படி வலித்து, காய்ச்சலும் வந்து, நாளத்தின் வாயில் சீழ் எட்டிப் பார்த்தால் பெரும்பாலும் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் கிருமிதான் காரணம். ஆன்டிபயாட்டிக் உண்மையாகவே தேவைப்படும் இடம் இது. முதியவருக்கு மருத்துவமனையில் வைத்து ஊசிவழி தருவதே நல்லது. கூடவே நீர்ச்சத்தை மீட்பதும், சுரப்பியை நீவிச் சீழை வெளியேற்றுவதும் வேண்டும். இரண்டு நாளில் குறையாவிட்டால் உள்ளே சீழ்க்கட்டி இருக்கிறதா என்று ஸ்கேன் பார்த்து வடித்துவிட வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வாயின் தரை இரு பக்கமும் கட்டையாக இறுகி, நாக்கு மேலே தூக்கப்பட்டு, விழுங்க முடியாமல் எச்சில் வழிந்து, மூச்சு முட்டினால், அது லுட்விக் ஆஞ்சைனா என்னும் பரவும் தொற்றாக இருக்கலாம். பெரும்பாலும் கீழ்க் கடைவாய்ப் பல்லின் சீழிலிருந்து தொடங்கும். சில வேளை தாடையடிச் சுரப்பியிலிருந்தும் வரும். மூச்சுப்பாதை சில மணி நேரத்தில் அடைபடக்கூடும் என்பதால், விடியட்டும் என்று காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

குழந்தைகளின் கன்ன வீக்கம் என்றதும் எல்லோருக்கும் தெரிந்தது பொன்னுக்கு வீங்கி. இலங்கைத் தமிழர் கூகைக்கட்டு என்பார்கள். கழுத்தில் தங்கச் சங்கிலியைப் போட்டுவிடுவதும், வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பற்றுப் போடுவதும் இன்னும் நடக்கின்றன. இது வைரஸ் நோய். வாரம் பத்து நாளில் தானாக வடியும் என்பதால், இடையில் எதைச் செய்தாலும் அதற்கே நற்பெயர் போய்ச் சேர்கிறது. சங்கிலியால் தீங்கில்லை, பற்றில் சுண்ணாம்பு சேர்த்தால் அது தோலைப் புண்ணாக்கிவிடும். ஆன்டிபயாட்டிக் இதற்கு வேலை செய்யாது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், மென்மையான சாப்பாடு, ஓய்வு போதும். ஆஸ்பிரின் குழந்தைக்குக் கூடாது. கல்லுக்கு நல்லதென்று சொன்ன எலுமிச்சை இங்கே வேண்டாம்: வீங்கித் தெறிக்கும் சுரப்பியைப் புளிப்பு இன்னும் சுரக்கத் தூண்டி வலியைக் கூட்டும்.

வைரஸ் உள்ளே நுழைந்து வீக்கம் தெரிய பெரும்பாலும் 16 முதல் 18 நாள் ஆகும். வீக்கத்துக்கு இரண்டு நாள் முன்பிருந்தே தொற்று பரவத் தொடங்கும். வீங்கிய பிறகு ஐந்து நாள் பள்ளிக்கு அனுப்பாமல் இருப்பது மற்றக் குழந்தைகளுக்குச் செய்யும் உதவி. வீக்கம் தானாக வடிந்தாலும் இதைச் சாதாரண நோய் என்று சொல்லிவிட முடியாது. பருவமடைந்த ஆண்களுக்கு வந்தால் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு விரை வீங்கி வலிக்கிறது. மூளையுறை அழற்சியும் கணைய அழற்சியும் வரக்கூடும். அரிதாக ஒரு காது நிரந்தரமாகக் கேளாமல் போகிறது. அப்படிப் போன கேட்கும் திறனை மீட்டுத்தரும் மருந்து கிடையாது.

தடுக்க வழி இருக்கிறது. 1963இல் மாரிஸ் ஹில்மேன் என்னும் அமெரிக்க ஆய்வாளர், பொன்னுக்கு வீங்கி வந்த தம் மகள் ஜெரில் லின்னின் தொண்டையிலிருந்து வைரஸை எடுத்து வலுவிழக்கச் செய்து தடுப்பூசி ஆக்கினார். 1967இல் அதற்கு அனுமதி கிடைத்தது. 1971 முதல் தட்டம்மை, ருபெல்லாத் தடுப்பூசிகளுடன் சேர்த்து எம்.எம்.ஆர். என்று ஒரே ஊசியாக வருகிறது. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் இதைத் தேசியத் திட்டத்தில் தருகின்றன. இலங்கை 2011இல் சேர்த்தது. இந்தியாவின் அரசுத் திட்டத்தில் இருப்பது தட்டம்மை, ருபெல்லா இரண்டுக்கு மட்டுமான எம்.ஆர். ஊசி. 2017 பிப்ரவரியில் தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலங்களில் அது தொடங்கியபோது பொன்னுக்கு வீங்கியின் பாகம் அதில் இல்லை. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் எம்.எம்.ஆர். ஊசியை 9 மாதம், 15 மாதம், 4 முதல் 6 வயது என்று மூன்று முறை போடச் சொல்கிறது. தனியார் மருத்துவமனையில் காசு கொடுக்க முடிந்த வீட்டுப் பிள்ளைக்கு அது கிடைக்கிறது. அங்கன்வாடிப் பிள்ளைக்குக் கிடைப்பதில்லை. 2024இன் தொடக்கத்தில் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் இந்நோய் பரவலாகத் தலைகாட்டியபோது இந்த இடைவெளியின் விலை வெளிப்படையாகத் தெரிந்தது. ஏற்கெனவே போடும் ஊசியோடு மூன்றாவது பாகத்தைச் சேர்ப்பதை இனியும் தள்ளிப்போட நியாயம் இல்லை.

வருடத்துக்கு மூன்று நான்கு தடவை பொன்னுக்கு வீங்கி வருகிறது என்று ஒரு தாய் சொன்னால் அது பொன்னுக்கு வீங்கி அல்ல. ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வருவது மிக அரிது. இப்படித் திரும்பத் திரும்ப வருவது பள்ளிப் பருவத்தில் காணப்படும் கன்னச் சுரப்பி அழற்சி. பெரும்பாலும் மூன்று முதல் ஆறு வயதில் தொடங்கிப் பருவ வயதில் தானாக நின்றுவிடும். அடிக்கடி தொந்தரவு செய்தால் எண்டோஸ்கோப்பியால் நாளத்தைக் கழுவிவிடுவது பலன் தருகிறது.

இனி, இரு பக்கமும் மெதுவாக, காய்ச்சலின்றி வீங்கும் வகை. கட்டுப்படாத சர்க்கரை, நீண்ட காலக் குடியும் கல்லீரல் சுருக்கமும், ஊட்டச்சத்துக் குறைவு, சாப்பிட்டதை வலிய வாந்தியெடுக்கும் உணவுக் கோளாறு ஆகியவற்றில் கன்னச் சுரப்பிகள் வலியின்றிப் புடைக்கும். முகம் சதை போட்டிருக்கிறது என்று பார்ப்பவர் சொல்வார்கள். சுரப்பிக்கு மருந்து எதுவும் வேண்டாம். அடிப்படை நோயைக் கவனிப்பதுதான் சிகிச்சை. காசநோயும் எச்.ஐ.வி.யும் இந்தச் சுரப்பிகளை வீங்கவைக்கும் என்பதை நம் நாட்டில் மறக்கக் கூடாது.

அதிகம் தவறவிடப்படுவது ஷியோக்ரென் நோய். 1933இல் ஸ்வீடன் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷியோக்ரென் விவரித்தது. எதிர்ப்பாற்றல் கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளையே தாக்குகிறது; பாதிக்கப்படும் பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள், பெரும்பாலும் நடுத்தர வயதினர். இட்லியை விழுங்கக்கூட ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குத் தண்ணீர், கண்ணில் மணல் விழுந்த உறுத்தல், திடீரென வரிசையாகச் சொத்தையாகும் பற்கள், மூட்டு வலி. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு டாக்டரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மாதவிடாய் நிற்கிற வயது என்று வீட்டில் சொல்லி முடித்துவிடுவார்கள். ரத்தத்தில் குறிப்பிட்ட எதிர்ப்பொருள்களைப் பார்த்தும், தேவைப்பட்டால் கீழுதட்டின் உட்புறத்திலிருந்து நுண்சுரப்பிகளைச் சிறிது எடுத்துப் பரிசோதித்தும் உறுதி செய்யலாம். முழுக் குணம் இல்லை. ஆனால் பைலோகார்பின் மாத்திரை சுரப்பைக் கூட்டும், ஃப்ளோரைடு பல்லைக் காக்கும், மூட்டுக்கும் மற்ற உறுப்புகளுக்கும் வாதநோய் நிபுணர் மருந்து தருவார். இந்நோயாளிகளில் நூற்றில் ஐந்து பேர் அளவுக்கு நிணநீர்ப் புற்று வரக்கூடும். எனவே ஒரு பக்கச் சுரப்பி மட்டும் கெட்டியாகி வடியாமல் நின்றால் உடனே காட்ட வேண்டும். இதைப் போலவே தோன்றும் ஐ.ஜி.ஜி.4 தொடர்பான நோய் என்று ஒன்று உண்டு. தாடையடிச் சுரப்பிகள் கல்போல் இறுகும் அந்த நோய் ஸ்டீராய்டுக்கு வேகமாக இளகிவிடும்.

தைராய்டுப் புற்றுக்குக் கதிரியக்க அயோடின் எடுத்தவர்களுக்கும் சுரப்பி வீங்கும். உமிழ்நீர்ச் சுரப்பிகளும் அயோடினை உறிஞ்சுவதே காரணம்.

கடைசியாகக் கட்டி. உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிகளில் ஐந்தில் நான்கு கன்னச் சுரப்பியில் வருபவை; அவற்றிலும் ஐந்தில் நான்கு புற்று அல்லாதவை. தாடையடிச் சுரப்பிக் கட்டியில் ஏறத்தாழப் பாதி புற்று. அண்ணம், உதடு இவற்றின் நுண்சுரப்பிகளில் வருபவற்றில் பாதிக்கு மேல் புற்றாக இருக்கும். சுரப்பி சிறிதாகச் சிறிதாக அச்சம் பெரிதாகிறது. அண்ணத்தில் வலியில்லாமல் மேடு தட்டினால் அதைச் சூடு பட்ட கொப்புளம் என்று விட்டுவிடக் கூடாது.

மிகுதியாகக் காணப்படுவது ப்ளியோமார்ஃபிக் அடினோமா. காது மடலுக்குக் கீழே சுண்டைக்காய் அளவில் தொடங்கி, வலியின்றி, நகரும் உருண்டையாக, ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்து மடலையே தூக்கிவிடும். பத்து வருடமாக இருக்கிறது, ஒன்றும் செய்யவில்லை என்பார்கள். புற்று அல்ல என்பது உண்மை. ஆனால் நாள்பட நாள்பட இதில் புற்று முளைக்கும் வாய்ப்பு கூடுகிறது. கட்டி திடீரென வேகமாக வளர்ந்தால், வலித்தால், அந்தப் பக்கம் கண் மூட முடியாமலோ வாய் கோணியோ போனால் அது புற்றின் அடையாளம். புகைபிடிப்பவர்களிடம் காணப்படும் வார்த்தின் கட்டி வேறு வகை. அது அநேகமாகப் புற்றாவதில்லை.

பரிசோதனை என்றதும் எழும் ஒரு பயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கட்டியில் ஊசி குத்தினால் புற்று பரவிவிடும் என்று நம்பி வீடு திரும்பியவர்கள் ஏராளம். அல்ட்ராசவுண்டின் துணையோடு மெல்லிய ஊசியால் செல் எடுத்துப் பார்ப்பது பாதுகாப்பானது, அவசியமானது. கூடாதது, வெளி நோயாளிப் பிரிவில் கன்னக் கட்டியைக் கத்தியால் கீறித் துண்டு எடுப்பதும், கொழுப்புக் கட்டி என்று நினைத்துப் பிதுக்கி எடுப்பதும். அடினோமாவின் உறையில் நுண்ணிய முளைகள் இருக்கும். பிதுக்கினால் அவை தங்கிவிடும். பல ஆண்டு கழித்து ஒன்று இருந்த இடத்தில் பத்தாகத் திரும்பி வரும். அப்போது அறுவை சிகிச்சை பலமடங்கு கடினம்.

அந்தக் கடினத்துக்குக் காரணம் முகநரம்பு. கன்னச் சுரப்பியின் நடுவே புகுந்து ஐந்து முதன்மைக் கிளைகளாகப் பிரிந்து நெற்றி, கண், கன்னம், உதடு, கழுத்து என்று போகிறது. அறுவை மருத்துவர் முதலில் தேடுவது கட்டியை அல்ல, இந்த நரம்பின் அடிமரத்தை. அதைக் கண்டு, ஒவ்வொரு கிளையாகப் பிரித்துக் காத்துக்கொண்டே, அதன்மேல் இருக்கும் சுரப்பிப் பகுதியைக் கட்டியோடு எடுக்கிறார். வாய் கோணிவிடுமா என்பதுதான் எல்லா நோயாளிகளும் கேட்கும் முதல் கேள்வி. சிலருக்குச் சில வாரமோ சில மாதமோ தளர்ச்சி இருந்து மீளும்; அனுபவமுள்ளவர் கையில், புற்று அல்லாத கட்டிக்கு, நிரந்தரக் கோணல் அரிது. காது மடல் மட்டும் பலருக்கு மரத்தே இருக்கும். புற்று என்றால் நரம்பையும் கழுத்து நெறிகளையும் சேர்த்து எடுக்க நேரலாம். பிறகு கதிர்வீச்சு சிகிச்சையும் தேவைப்படலாம்.

அறுவை முடிந்து மாதங்கள் கழித்து, சாப்பிடும்போது கன்னம் சிவந்து வியர்த்துக் கொட்டினால் பயப்பட வேண்டாம். உமிழ்நீரைத் தூண்ட வேண்டிய நரம்பிழைகள் வழிமாறி வியர்வைச் சுரப்பிகளோடு இணைந்துவிடுவதால் வருவது அது. 1923இல் இதை விரிவாக ஆராய்ந்து எழுதியவர் போலந்தின் நரம்பியல் மருத்துவர் லூசியா ஃப்ரே. யூதரான அவர் நாஜிப் படுகொலையில் உயிரிழந்தார். தொந்தரவு கூடுதலாக இருந்தால் அந்தத் தோலில் போடாக்ஸ் ஊசி போட்டால் மாதக்கணக்கில் வியர்வை நிற்கும். குறையத் தொடங்கினால் மறுபடி போட்டுக்கொள்ளலாம்.